கறுத்த வெள்ளியின் விலை

சிலாபம் தொடக்கம் கற்பிட்டி முனை வரையுள்ள புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊர்களிலே, வெள்ளிப் பாத்திரம் வைத்திருக்கும் வீட்டார் எல்லாரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. பெருநாளுக்கோ நத்தாருக்கோ பொங்கலுக்கோ துலக்கி வைத்த பன்னீர்ச் செம்பு, அடுத்த விசேடத்துக்கு எடுக்கும்போது முன்போல் இராது. முதலில் அதன்மேல் இளமஞ்சள் படரும். பின்னர் அது செம்பொன்னிறமாகும். கவனியாது விட்டால் கறுத்தே போகும். உப்புக் காற்று என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே சொல்லில் காரணம் கூறிவிடுவர். அச்சொல் முழுதும் சரியன்று, முழுதும் பிழையுமன்று.

செம்பு கறுத்தால் துலக்கிக்கொள்ளலாம். அதனால் ஒரு மாலைப் பொழுது வீணாகுமே தவிர வேறு நட்டமில்லை. ஆனால் அதே பெட்டிக்குள் அதே காற்றுப் பட்டுக் கிடக்கும் வெள்ளி நாணயத்தின் செய்தி வேறு. அதன்மேல் படர்ந்த நிறம் சில வேளை அதன் விலையைப் பல மடங்காக்கும்; சில வேளை அதனை வெறும் உலோகத் துண்டாக்கிவிடும். எது எப்போது என்று அறியாமல் புளியையும் சாம்பலையும் தேடுகிறவர்கள் இழப்பது, தாம் இழந்தோமென்றே அறியாத இழப்பாகும்.

இலங்கையில் இவ்விடயத்தைப் பேசப் புகுவோர் 1957ஆம் ஆண்டின் ஐந்து ரூபா வெள்ளிக் குத்தியிலிருந்துதான் தொடங்கவேண்டும். புத்தர் பரிநிருவாணமடைந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு நிறைந்த புத்த ஜயந்தியை முன்னிட்டு, 1950இல் தோன்றிய மத்திய வங்கி வெளியிட்ட ஞாபகார்த்த நாணயம் அது. நிறை 28.28 கிராம். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு குத்தியிலும் 26.16 கிராம் தூய வெள்ளி அடங்கியிருக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் அதன் பாரமே ஒரு மரியாதையைத் தோற்றுவிக்கும்.

அச்சிடப்பட்டவை ஐந்து இலட்சம். அவற்றுட் பாதிக்குச் சற்று மேற்பட்டவை திரும்பிச் சென்று உருக்கப்பட்டன என்று நாணயப் பட்டியல்கள் குறிக்கின்றன. இன்று இதைக் கேட்போர் வியக்கலாம். ஆனால் அன்றைய கணக்கு வேறு. 1957இல் ஓர் அவுன்சு வெள்ளி அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழத் தொண்ணூறு சதம். ஒரு டொலருக்கு நாலே முக்கால் ரூபா. அந்தக் குத்தியிலுள்ள வெள்ளியின் பெறுமதி மூன்றரை ரூபாவுக்குச் சற்றே கூடுதல். முகப்பில் எழுதியிருந்ததோ ஐந்து ரூபா. ஐந்து ரூபாவுக்கு அரிசியும் சீனியும் வாங்கலாம் என்றிருந்த காலத்தில், மூன்றரை ரூபா வெள்ளியைப் பெட்டியில் பூட்டி வைக்க எல்லாருக்கும் மனம் வந்திராது. பூட்டி வைத்தவர்கள் விழாவை நினைந்தோ, பிள்ளைகளை நினைந்தோ வைத்தவர்கள்.

அப்படி வைத்த ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். களப்புக் கரையோரமாக ஒரு வீடு. தகப்பனார் 1957இல் இரண்டு குத்திகளை வாங்கி, ஒன்றை மூத்த மகளுக்கும் மற்றதை இளைய மகளுக்கும் என்று எடுத்து வைத்தார். மூத்தவளுடையது கடித உறையொன்றில், அலுமாரியின் அடித்தட்டில், ஆறு பத்தாண்டுகள் அசையாமல் கிடந்தது. இளையவளுடையதை வீட்டார் ஆண்டுதோறும் எடுத்துத் திருநீறு போட்டுத் துலக்கி, பளபளவென்று வைத்தார்கள். இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இளையவளின் பங்கே சிறந்ததென்பார். நகைக்கடைக்காரர் இரண்டையும் தராசில் போட்டு ஒரே விலை சொல்வார். நாணயம் சேகரிப்பவரோ பளபளப்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, விளிம்பிலே நீலமும் ஊதாவும் நடுவிலே பொன்னிறமும் கொண்டு மங்கிக் கிடக்கும் மூத்தவளின் குத்தியையே கையில் எடுப்பார். மூவரும் பார்த்தது ஒரே வெள்ளியைத்தான்.

சேகரிப்பாளர் கண்ட நிறம் எங்கிருந்து வந்தது? காற்றிலே கந்தகம் கலந்த வாயு எப்போதும் சிறிதளவு உண்டு. முட்டை அழுகும்போது எழும் நாற்றம் அதனுடையதே. ஐதரசன் சல்பைட்டு என்பது அதன் பெயர். புத்தளக் களப்பின் ஓரங்களில் கண்டல் இலைகள் விழுந்து அழுகும் சேற்றிலிருந்து, வற்று நீர் இறங்கும் வேளையில் அந்த வாசனை எழுவதை அப்பகுதியார் அறிவர். அது வெள்ளியைத் தொட்டால் வெள்ளிச் சல்பைட்டு என்னும் படலம் உண்டாகிறது. ஈரமும் உப்பும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. ஆதலால் உப்புக் காற்று என்று பெரியவர்கள் சொன்னது துணைக் குற்றவாளியின் பெயர். முதற் குற்றவாளி கந்தகம்.

இந்தப் படலம் மிக மெல்லியது. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றிலும் குறைந்த தடிப்பே முதல் நிறங்களுக்குப் போதும். படலத்தில் சாயம் ஏதுமில்லை. மழை நீரில் மிதக்கும் எண்ணெய்ப் பரப்பிலும் சவர்க்காரக் குமிழியிலும் வானவில் தோன்றுகிறதே, அதே முறைதான். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், உள்ளே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில எஞ்சுகின்றன. எவை எஞ்சும் என்பதைத் தடிப்பே தீர்மானிக்கும். ஆகவே படலம் வளர வளர நிறங்கள் ஓர் ஒழுங்கிலேயே வருகின்றன: முதலில் இளமஞ்சள், அடுத்துச் செம்பொன், பின் செவ்வூதா, அதன்பின் நீலம். அதற்குமேலும் தடித்தால் மறுசுற்று மஞ்சளும் சிவப்பும் பச்சையும் தோன்றிக் கடைசியில் எல்லாம் கருமையில் அடங்கும். எந்தச் செல்வந்தரின் பெட்டியிலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

நிறங்கொண்ட வெள்ளி நாணயத்தை விரும்பி வாங்கும் வழக்கம் பெருவளர்ச்சி பெற்றது ஐக்கிய அமெரிக்காவில். அந்நாட்டின் முதல் ஞாபகார்த்த நாணயம் கொலம்பசின் நினைவாக 1892இல் வந்த அரை டொலர். அதைத் தொடர்ந்து 1954 வரை எத்தனையோ விழாக்களுக்கு வெள்ளி அரை டொலர்கள் அச்சாயின. அவற்றுட் பலவற்றைத் துளையிட்ட மட்டையில் பதித்து விற்றனர். மட்டையில் கந்தகம் இருந்தது. ஆண்டுகள் செல்ல நாணயத்தின் திறந்த பகுதி நிறமேறியது. மட்டையின் சிறு நாக்குகள் மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. இன்று அந்த வெள்ளைத் தழும்பையே, அந்நாணயம் தன் பழைய மட்டையிலே வளர்ந்ததற்குச் சான்றாகக் கொள்கிறார்கள். அவ்வாறே துணிப் பைகளில் ஆயிரமாயிரமாகக் கட்டப்பட்டுக் கருவூலத்தில் கிடந்த மோர்கன் டொலர்களில், பைத்துணியைத் தொட்டுக்கொண்டிருந்தவை வானவில் நிறம் பெற்றன. சாதாரண மோர்கன் டொலரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து அவற்றை வாங்குவோர் உண்டு. குறையாக எண்ணப்பட்ட ஒன்று ஒரு தலைமுறைக்குள் அழகாகிவிட்டது.

விலை ஏறிய இடத்தில் கள்ளமும் ஏறுவது உலக வழக்கம். கந்தகக் கரைசலில் தோய்த்தும், அவித்த முட்டையோடு அடைத்து வைத்தும், அடுப்பில் வாட்டியும் ஒரே இரவில் வானவில் வரவழைக்கும் கைகாரர் எங்கும் இருக்கின்றனர். இவர்களைக் கண்டுபிடிக்க முதல் வழி முன்னர் கூறிய நிற ஒழுங்கே. இயற்கையாக நிறமேறிய நாணயத்தில் படலம் பெரும்பாலும் விளிம்பிலே தடித்தும் நடுவை நோக்கி மெலிந்தும் இருக்கும். ஆகவே விளிம்பிலிருந்து உள்ளே வரும்போது நீலம், ஊதா, செம்பொன், மஞ்சள், பின் வெள்ளை என்று நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து வரவேண்டும். அடர்நீலத்துக்கு அடுத்தே பளிச்சென்ற வெள்ளை நின்றால், இடையிலிருக்க வேண்டிய மஞ்சளும் ஊதாவும் எங்கே என்று கேட்கவேண்டும். முதற்சுற்று நிறங்களின் தடமே இல்லாமல் பச்சை மட்டும் நிற்பதும் ஐயத்துக்குரியது.

இரண்டாவது சோதனை இன்னும் நுட்பமானது. ஆனால் ஒரு விளக்கிருந்தால் போதும். புதிதாக அச்சான நாணயத்தில், அச்சின் அழுத்தத்தால் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய கண்ணுக்குத் தெரியாத வரிகள் இருக்கும். விளக்கின் கீழே நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால், அவ்வரிகளில் பட்ட ஒளி வண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போலச் சுற்றிவரும். நல்ல நிறப்படலம் கண்ணாடி போன்றது. அதனூடாக இந்த ஒளிச்சில்லு தெரியும். நிறம் மட்டும் தெரிந்து சில்லு சுழலாவிட்டால், அந்த நாணயம் நிறமேறுவதற்கு முன்பே தேய்ந்திருக்கலாம், அமிலத்தில் தோய்ந்திருக்கலாம், அன்றேல் யாரோ தேய்த்துத் துலக்கியிருக்கலாம். உருப்பெருக்குக் கண்ணாடியில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தால் ஐயமே இல்லை. கெட்ட நாணயத்தின் குறையை மறைக்கவே பல வேளைகளில் செயற்கை நிறம் பூசப்படுகிறது என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி விலை. நிறங்கண்டு மயங்குகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் நிறத்தை மறந்துவிட வேண்டும். அடியிலே இருப்பது உலோக விலை: 1957 குத்திக்கானால் 26.16 கிராமை அன்றைய கிராம் விலையாற் பெருக்கினால் வருவது. அதற்குக் கீழே அந்த நாணயம் ஒருநாளும் விற்கப்படக் கூடாது. நகைக்கடையில் அதற்குக் குறைவாகக் கேட்பார்கள், அது அவர்கள் தொழில். இந்த அடித்தளமும் நிலையானதன்று. ஓர் அவுன்சு வெள்ளி 1980 சனவரியில் ஐம்பது டொலரை நெருங்கிப் பின் சரிந்தது. 2011 ஏப்பிரலில் மீண்டும் நெருங்கிச் சரிந்தது. 2025இல் அதனைக் கடந்தே சென்றது. இத்தகைய ஏற்றங்களின்போதுதான் பெட்டியிலுள்ள நாணயங்கள் உருக்குகலத்தைத் தேடிப் போகின்றன. போனவை திரும்பா.

அதற்கு மேலுள்ளது அருமை. இங்கே உண்மை பேசவேண்டும். உருகியவை போக இரண்டரை இலட்சம் வரை எஞ்சக்கூடிய ஒரு நாணயம் அரிய நாணயமன்று. பத்திரிகை விளம்பரத்தில் யாரோ கேட்ட பெருந்தொகையைப் பார்த்துவிட்டு, தம் பெட்டியில் நிலபுலன் கிடப்பதாகக் கனவு காண்போர் பலர். கேட்ட விலை விலையாகாது. கைமாறிய விலையே விலை. ஆனால் எஞ்சிய அத்தனையும் ஒரே தரமா என்றால், இல்லை. கைப்பழக்கத்தால் தேய்ந்தவை, துலக்கப்பட்டவை, பதக்கமாக்க வளையம் ஒட்டப்பட்டவை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால், அச்சான கோலத்தில் தீண்டப்படாது நிற்பவை குறுகிக்கொண்டே வரும். அருமை இருப்பது அங்கேதான். அமெரிக்காவில் 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பார் அந்நாட்டுப் பழைய செப்புச் சதங்களுக்கென வகுத்த எழுபது புள்ளி அளவுகோலே இன்று உலகெங்கும் தரங்காட்டப் பயன்படுகிறது. நாணயத்தைப் பரிசோதித்து, புள்ளியிட்டு, கண்ணாடி போன்ற உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் 1986 முதல் அங்கே எழுந்தன. ஆனால் கட்டணமும் கப்பற் செலவும் சேர்ந்து நாணயத்தின் விலையை விழுங்கிவிடுமானால் அந்தச் சான்றிதழால் யாருக்கு இலாபம் என்பதை, அனுப்புமுன் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்விரண்டையும் கணக்கிட்ட பின்பே அழகுக்கு இடம். நிறமில்லாமலிருந்தால் இந்நாணயத்துக்கு என்ன கொடுப்பேன் என்று வாங்குபவர் தம்மைக் கேட்டுக்கொண்டு, அதற்குமேல் எவ்வளவு கூட்டலாம் என்று தீர்மானிப்பதே பாதுகாப்பான முறை. கூட்டும் தொகைக்குப் பட்டியலில் ஆதாரம் கிடையாது. அது இரண்டு பேரின் விருப்பம் மோதும் இடம். ஒருவர் மயங்கும் நீலத்தை மற்றவர் கறையென்பார். ஆதலின் கூட்டிக் கொடுத்த பணம் திரும்பி வராமலும் போகலாம் என்ற துணிவோடு கொடுப்பவரே கொடுக்கலாம். கருமைக்கு மாத்திரம் எவரும் கூட்டிக் கொடார். படலம் தடித்துக் கருமையை அடைந்துவிட்டால், அடியிலுள்ள பரப்பையே அது தின்னத் தொடங்கியிருக்கும்.

கரையோர வீடுகளின் பெட்டிகளில் வேறு வெள்ளியும் கிடைக்கும். இலங்கையின் ஐம்பது சதம், இருபத்தைந்து சதம், பத்துச் சதம் ஆகியவை 1892இலிருந்து எண்பது வீத வெள்ளியில் அச்சாகி, 1919 முதல் ஐம்பத்தைந்து வீதத்துக்கு இறங்கின. இறங்கிய வெள்ளி நிறமேறுவதும் தாழ்ந்தே இருக்கும். செம்பு மிகுந்தமையால் தவிட்டு நிறமும் சாம்பலுமே கூடும். கடல் கடந்து உறவினர் கொண்டுவந்த 1969இன் காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபா பதினைந்து கிராம் நிறையுடையது, எண்பது வீத வெள்ளி. அது அழகாக நிறமேறக் கூடியது. 1972இல் இந்தியா தன் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு அச்சிட்ட பத்து ரூபா உருவிற் பெரியதாயினும் பாதியே வெள்ளி. பெரிய நாணயம் என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் தராசையும் வீதத்தையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

கடலிலோ மண்ணிலோ கிடைக்கும் வெள்ளியோ முற்றிலும் வேறு சாதி. 1344இல் இபுனு பதூதா வந்திறங்கிய கரை இது. ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கோட்டை கட்டிய கற்பிட்டி இங்கேதான் இருக்கிறது. பழைய காசு அகப்படுவது அதிசயமன்று. கடல்நீரின் உப்பு வெள்ளியை வெள்ளிக் குளோரைட்டாக்கி, சாம்பலும் ஊதாவும் கலந்த தடித்த தோலை உண்டாக்கும். அதில் வானவில் வராது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளியே எஞ்சாதிருப்பதும் உண்டு. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் காக்கிறது. அத்தகையதைக் கண்டெடுத்தவர் விலை கேட்கப் போகுமுன் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறையாகும்.

மீண்டும் அலுமாரிக்கு வருவோம். நல்ல நிறம் வந்த நாணயத்தை அந்த நிறத்திலேயே நிறுத்துவது எப்படி? படலம் தானாக நிற்பதில்லை; கந்தகமும் ஈரமும் உள்ளவரை வளரும். இறப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு. நாணய உறையை அதனாற் கட்டினால் வளையம் கிடந்த இடமே கறுங்கோடாகும். கம்பளித் துணியும் மலிந்த கடதாசி மட்டையும் அப்படியே. கடைகளில் விற்கும் மென்மையான பிளாத்திக்கு உறைகள் சில, வெப்பத்திலே பிசுபிசுத்து நாணயத்தின்மேல் பச்சை நெய்போல் ஒட்டிக்கொள்ளும்; வெள்ளியோடு கலந்த செம்பு அதில் கரைந்து வருவதே அந்தப் பச்சை. விறைப்பான, மணமற்ற, மூடியிறுகும் உறையே நல்லது. அதனோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் இட்டு அவ்வப்போது மாற்றினால், களப்பின் மூச்சைப் பெருமளவு தடுக்கலாம். நாணயத்தை விளிம்பில் மட்டுமே பிடிக்கவேண்டும். மீன் வெட்டிய கையானாலும் பேனா பிடித்த கையானாலும் விரல் ரேகை பதிந்தால் பதிந்ததுதான். எப்போது, யார், எங்கே வாங்கினார் என்று ஒரு சீட்டெழுதி உடன் வைத்தால், நிறம் இயற்கையானதென்று நம்ப மற்றவர்க்கும் அது துணையாகும்.

இளைய மகளின் குத்தி என்னவாகும் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. துலக்குவதை இன்றோடு நிறுத்தினால் அதன்மேலும் நிறம் ஏறத்தான் செய்யும். களப்புக் காற்றுக்கு மூத்தவள் இளையவள் என்ற வேற்றுமை கிடையாது. பத்து இருபது ஆண்டுகளில் மஞ்சளும் ஊதாவும் வரலாம். ஆனால் திருநீறு கீறிய ஒவ்வோர் இழையும் அந்நிறத்தினூடே தனித்தனியாகத் தெரியும். விளக்கின் கீழ் எத்தனை முறை சுழற்றினாலும் ஒளிச்சில்லு சுற்றி வராது. அந்த 26.16 கிராம் வெள்ளியின் விலை மட்டும் அவளுக்குக் குறைவின்றிக் கிடைக்கும்.